அலமாரியில் உறங்கும் ஒலிப்பேழைகள்

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய திருமண அழைப்பிதழ்களுக்கு அடியில் பத்து இருபது ஒலிப்பேழைகளாவது கிடைக்கும். நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் பாடல்கள் இருக்கும்; ரமலான் இரவுகளில் பதிவு செய்த பயான்கள் இருக்கும்; துபாயிலிருந்தோ ஜித்தாவிலிருந்தோ கடிதத்திற்குப் பதிலாக வாப்பா பேசி அனுப்பிய பேழையும் இருக்கும். பாடல்கள் வேறு எங்கேனும் கிடைத்துவிடும். வாப்பாவின் அந்தப் பேழைக்கு உலகில் வேறு பிரதி கிடையாது.

1963இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த இப்பேழைக்குள் இருப்பது மெல்லிய நாடா. அதன்மீது பூசப்பட்ட துகள்களில் காந்தமாகக் குரல் பதிந்திருக்கிறது. நாளடைவில் காந்தம் வலுவிழக்கும், பூச்சு உதிரும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே கணினிக்கு மாற்றிவிடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் எந்த வடிவில் மாற்றுவது, மாற்றியதை எங்கே வைப்பது என்பதை யாரும் சொல்வதில்லை.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இருபது பேழைகளை ஒரு கடையில் கொடுத்து, எம்.பி.3 கோப்புகளாக ஒரே குறுந்தகட்டில் வாங்கி வந்தேன். இருபது மணி நேரம் ஒரே தகட்டில் அடங்கிவிட்டதே என்ற மகிழ்ச்சியில் பேழைகளை எறிந்தும்விட்டேன். பின்னர் நல்ல ஒலிபெருக்கி ஒன்று வாங்கிக் கேட்டபோதுதான் உண்மை விளங்கிற்று. கிராஅத்தில் ஸீனும் ஸாதும் ஒன்றாகக் குழைந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து ஓதுவது போல் கேட்டது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே தகட்டில் கேட்டது நான்தான்.

காரணம் இதுதான். 1982இல் வெளிவந்த குறுந்தகடு ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக, இரு தடங்களுக்கும் தனித்தனியே எழுதுகிறது. இப்படி அப்படியே எழுதி வைத்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் வேண்டும். வன்தட்டுகள் சிறியனவாகவும் விலை மிகுந்தனவாகவும் இருந்த காலத்தில் அது கட்டுப்படியாகவில்லை. அதற்காக வந்ததே எம்.பி.3. செவிக்குப் புலப்படாது என்று கணக்கிட்ட பகுதிகளை நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் அது வைத்துக்கொள்கிறது. மிதமாக நீக்கினால் பலருக்கு வேறுபாடே தெரியாது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எனக்குக் கிடைத்தது வினாடிக்கு 64 கிலோபிட். அதாவது மூலத்தில் இருபத்திரண்டில் ஒரு பங்கு. சிதைவு முதலில் தெரிவது ஸகர ஒலிகளில்தான். அதைப் பின்னர் எந்த வடிவத்திற்கு மாற்றினாலும் போனது திரும்பாது. சக்கையைப் பிழிந்து மறுபடியும் முதற்பால் எடுக்க முடியுமா?

ஃப்ளாக் என்னும் வடிவம் அப்படிப்பட்டதன்று. 2001இல் முழுமை பெற்ற இது, பத்தமடைப் பாயைச் சுருட்டி வைப்பது போன்றது. சுருட்டினால் இடம் குறையும். விரித்தால் ஒரு கோரைகூடக் குறைந்திராது. கோப்பின் அளவு பெரும்பாலும் பாதியாகவோ, அதற்குச் சற்று மேலாகவோ ஆகிறது. இது எந்த ஒரு நிறுவனத்தின் உடைமையும் அன்று. 2024 டிசம்பரில் இதன் அமைப்பு இணையப் பொதுத் தரமாகவே வெளியிடப்பட்டது. மற்றொரு நன்மையும் உண்டு. மூல ஒலியின் கணித முத்திரை ஒன்று கோப்புக்குள்ளேயே எழுதப்படுவதால், பிற்காலத்தில் கோப்பு பழுதுபட்டால் சோதனையில் தெரிந்துவிடும். இன்றைய ஒரு டெராபைட் வன்தட்டில், சுருக்காமலே 1,500 மணி நேரத்திற்கும் மேல் அடங்கும். இடத்திற்காகக் குரலை வெட்ட வேண்டிய காலம் போய்விட்டது.

பேழையைப் பதியும் முன் ஒலிப்பானின் தலைப்பகுதியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முழுவதுமாக முன்னும் பின்னும் ஓடவிடுங்கள். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளே பதிவுக்குப் போதும். 24 பிட், 48,000 என்று அமைத்து, உரத்த குரலும் அளவுமானியின் உச்சியைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப்பிரதியில் கை வைக்காதீர்கள். நீக்க விரும்பினால் வேறொரு பிரதியில் செய்யுங்கள்.

இனிப் பாதுகாப்பு. வன்தட்டு முன்னறிவிப்புச் செய்துவிட்டுப் பழுதாவதில்லை. இணையத்தில் ஏற்றிவிட்டோமே என்று நிம்மதி கொள்பவர்கள் மைஸ்பேஸ் தளத்திற்கு நேர்ந்ததை அறிந்துகொள்வது நல்லது. 2003 முதல் 2015 வரை அங்கே ஏற்றப்பட்ட, ஐந்து கோடிக்கும் மேற்பட்டவை எனச் சொல்லப்படும் பாடல்கள், தகவல்களை இடம் மாற்றும்போது அழிந்துபோயின. 2019இல்தான் அது வெளியே தெரிந்தது. அதையே ஒரே பிரதியாக நம்பியிருந்தவர்கள் எத்தனை பேரோ!

எனவே மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேறு ஊரில், ராத்தா வீட்டிலோ மகள் வீட்டிலோ. இரட்டை வன்தட்டுப் பெட்டி ஒன்று போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஒன்றில் தவறி அழித்தால் மற்றொன்றிலும் அழிந்துபோகும்; அது தனிப்பிரதி ஆகாது. பென் டிரைவை மின்னிணைப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் போட்டு வைப்பதும் நம்பத்தக்கதன்று.

கோப்புக்குப் பெயரிடுவதை அலட்சியம் செய்யாதீர்கள். "டிராக் 01" என்று நூறு கோப்புகள் இருந்து என்ன பயன்? பேசுபவர் யார், யாருக்காகப் பேசினார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதைக் கோப்பின் பெயரிலும் அதனுள் இருக்கும் குறிப்புகளிலும் எழுதுங்கள். அந்தக் குரல்களை அடையாளம் காட்ட உம்மா இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கணினியின் காதுத்துளையில் அதன் உள்மின்சாரத்தின் முணுமுணுப்பும் பல வேளைகளில் கலந்துவிடுகிறது. டி.ஏ.சி. எனப்படும் சிறு பெட்டியை யு.எஸ்.பி. வழியே இணைத்து, அங்கிருந்து ஒலிபெருக்கிக்குக் கொண்டுசெல்லுங்கள். புளூடூத் வழியே அனுப்பினால் ஒலி பெரும்பாலும் மறுபடியும் வெட்டப்படுகிறது. இந்த வன்தட்டில் வைத்தால் இசை இனிக்கும், அந்தக் கம்பியில் போனால் மணக்கும் என்ற பேச்சுகளுக்குச் செவி சாய்க்க வேண்டாம். எங்கே வைத்தாலும் எண்கள் அதே எண்கள்தாம்.

நான் எறிந்த இருபதில் சேராமல் ஒரு பேழை ராத்தா வீட்டில் தங்கியிருந்தது. சென்ற ஆண்டு அதைப் பதிந்தேன். ஒரு பக்கத்தில் வாப்பா அரைமணி நேரம் பேசுகிறார். பின்னணியில் யாரோ தேநீர்க் குவளையை வைக்கும் ஓசை. மறுபக்கத்தில், பதிலாகப் பேசச் சொல்லப்பட்ட ஆறு வயதுச் சிறுவனாக நான் ஸலாம் சொல்லித் திணறுகிறேன். பக்கத்தில் நின்று உம்மா மெல்லிய குரலில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுப்பது, நல்ல ஒலிபெருக்கியில் கேட்டபோதுதான் தெரிந்தது.