ஓசி விறகுக்கு என்ன விலை? ஏரிக்கரையிலிருந்து அடுப்படி வரை ஒரு கணக்கு

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் விடிகாலையில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. இடுப்பில் செருகிய அரிவாள், தோளில் சுருட்டிப் போட்ட கயிறு, கையில் நீளமான தொரட்டிக் கோல். இரண்டு மூன்று பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டே நடந்து போவார்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வருவார்கள். அப்போது பேச்சு இருக்காது. பழைய புடவைத் துணியைச் சுருட்டி வைத்த சும்மாட்டின் மேல் ஆள் நீளத்துக்கு ஒரு விறகுக் கட்டு இருக்கும்.

இந்தப் பெண்களில் பலர் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. 2016-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். 2023-ல் சிலிண்டருக்கு மானியம் தருவதாகப் புதுச்சேரி அரசும் அறிவித்தது. ஆனாலும் வாசலோரத்திலோ பின்கட்டிலோ விறகு அடுப்பு அணையவில்லை. டீ, குழம்பு, அவசரத்துக்குத் தோசை எல்லாம் கேஸில். குளிக்க வெந்நீர், நெல் அவிப்பது, மாட்டுக்குக் கஞ்சி, ஆடி மாதக் கூழ், விசேஷ வீட்டுச் சமையல் எல்லாம் விறகில். வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பல வீடுகள் இப்படி இரண்டு அடுப்பில்தான் ஓடுகின்றன.

கேஸுக்குக் காசு; விறகு ஓசி. கேட்கும்போது சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால், அந்த ஓசி விறகு ஏரியிலிருந்து அடுப்புக்கு வந்து சேரும் வழியைப் பார்த்தால்தான் அதன் விலை தெரியும்.

எங்கே கிடைக்கிறது?

முதல் இடம் வேலிகாத்தானுக்கு. சீமைக் கருவேலம் என்று ஏடுகளில் எழுதப்படும் முள்மரம்தான் அது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏரி உள்வாய், வாய்க்கால் ஓரம், தரிசு என்று எங்கும் பரவிவிட்டது. வெட்ட வெட்டத் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். விவசாயிக்கு அது தலைவலி. விறகு பொறுக்குகிறவர்களுக்கு வற்றாத கிடங்கு. கட்டை கெட்டியானது, நின்று எரியும், தணல் நெடுநேரம் இருக்கும். ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் இந்த மரத்தைச் சுட்டுக் கரியாக்குவதே ஒரு தொழில்.

இரண்டாவது, சவுக்கு. ஒரு காலத்தில் ரயில் எஞ்சினுக்கு எரிபொருள் வேண்டும் என்று இந்தக் கடற்கரை முழுக்கப் பரவலாகப் பயிரிடப்பட்ட மரம். இன்று சாரத்துக்கும் காகித ஆலைக்கும் போகிறது. மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் மாதிரி கடலோர ஊர்களின் மணல் பூமிக்கு ஏற்ற மரம் இது. தோப்பு வெட்டும்போது நெட்டு மரம் லாரியில் ஏறிவிடும். மிளாரும் நுனிக் கிளையும் தரையில் கிடக்கும். தோப்புக்காரர் சரி என்று சொன்னால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சில மாத விறகு. பச்சையாக இருக்கும்போதே ஓரளவு எரிவது சவுக்கின் தனிக் குணம்.

மூன்றாவது, வயலும் தோப்பும் தரும் சில்லறை. தென்னை மட்டை, பன்னாடை, பாளை, கொட்டாங்குச்சி, பனை மட்டை, எள்ளு மார், கரும்புச் சோகை. இவை குபீரென்று பற்றிச் சீக்கிரம் அடங்கிவிடும். அடுப்பு மூட்ட நல்லது, நின்று சமைக்க உதவாது. அனுபவசாலிகள் சோகையில் பற்றவைத்து, மிளாரில் தூக்கிவிட்டு, முள்ளுக் கட்டையில் சோறு வடிப்பார்கள்.

எல்லா மரமும் விறகாகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். முருங்கை, கல்யாண முருங்கை வெறும் சோத்தி. எரிந்த சுவடே தெரியாது. அரளிக் குச்சியை அடுப்பில் வைக்கக் கூடாது, அதன் புகையும் விஷம். முகத்துவாரப் பக்கம் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மரம் யாருடையது?

'சும்மா கிடக்கிற விறகு' என்று சொன்னாலும், ஊரில் சொந்தக்காரர் இல்லாத மரம் கிடையாது. பட்டா நிலத்து மரம் நிலத்துக்காரருடையது. ஏரிக்கரை, வாய்க்கால் கரை, சாலையோர மரங்கள் அரசுக்குச் சொந்தம். கீழே விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. நிற்கிற மரத்தில் அரிவாள் வைத்தால் கதை வேறு.

வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் ஊசுட்டேரியில் இன்னும் கவனம் வேண்டும். புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரியான அது 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் மரம் வெட்டுவதும் எடுத்து வருவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பறவைகள் கூடு கட்டுவதும் அந்தக் கிளைகளில்தான்.

வேலிகாத்தான் விஷயத்தில் இன்னொரு சிக்கல். சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுகளால் 2017-ல் தமிழ்நாட்டு ஏரிகளில் ஜேசிபிகள் இறங்கின. பிறகு அதே ஆண்டில் சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. நீர்நிலைக்கு அந்த மரம் கேடா இல்லையா என்பது நிபுணர்கள் பேச்சு. அதை நம்பி உலை வைக்கும் வீடுகள் என்ன செய்யும் என்ற கேள்வி அந்தப் பேச்சில் அதிகம் எழவில்லை. ஏரி சுத்தமாவது நல்லதுதான். ஆனால், அன்றிலிருந்து விறகுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி நடக்க வேண்டியவர் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார்.

கையில் என்ன வேண்டும்?

விறகு ஓசி, கருவி ஓசி இல்லை. குறைந்தபட்சம் நான்கு சாமான்கள் வேண்டும்.

அரிவாள்: மிளார் கழிக்கவும் முள் சீவவும். மூக்கு வளைந்த அரிவாள் கிளையை இழுத்து வெட்ட வசதி. ஆண்டுக்கு ஒரு முறையாவது கொல்லுப்பட்டறையில் காய்ச்சித் தட்டி வாங்கினால்தான் வாய் நிற்கும். மழுங்கிய அரிவாள்தான் வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். கூரான அரிவாள் வைத்த இடத்தில் இறங்கும்.

தொரட்டி: நீள மூங்கில் நுனியில் கட்டிய கொக்கி அரிவாள். எட்டாத காய்ந்த கிளையை நின்ற இடத்திலிருந்தே இழுக்கலாம். நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைவிட முக்கியம். பச்சை மூங்கிலிலும் மின்சாரம் பாயும்.

கோடாலி: கட்டை பிளக்க. காம்புக்குப் புளி, கருவேலம் மாதிரி வைரம் பாய்ந்த மரம் வேண்டும். தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது பலர் வழக்கம். ஊறினால் காம்பு உப்பி இறுகும். காய்ந்ததும் பழையபடி ஆடும். சின்ன இரும்பு ஆப்பு ஒன்றை அடித்து இறுக்குவதுதான் நிலையான வழி.

கயிறும் சும்மாடும்: கயிறு கட்டை நழுவாமல் பிடிக்கிறது, சும்மாடு பாரத்தைத் தலையில் பரப்புகிறது. இரண்டில் எது சரியில்லை என்றாலும் கழுத்துதான் பதில் சொல்லும்.

கட்டை பிளப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. தரையில் வைத்துப் போடக் கூடாது. கல்லில் பட்டு வாய் போய்விடும். கனமான அடிக்கட்டை ஒன்றைப் புதைத்து, அதன் மேல் நிறுத்திப் பிளக்க வேண்டும். காய்ந்த கட்டையின் முகத்தில் இயற்கையாகவே வெடிப்பு ஓடியிருக்கும். அந்த வெடிப்பைப் பார்த்துப் போட்டால் ஒரே வெட்டில் விரியும். கணு இருக்கும் பக்கம் கோடாலி மாட்டிக்கொள்ளும். அதற்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும்தான். காலை அகட்டி நிற்க வேண்டும். குறி தவறினாலும் கோடாலி அடிக்கட்டையில் இறங்க வேண்டும், முழங்காலில் அல்ல.

புயல் கொடுத்த விறகு

2011 டிசம்பர் 30 அதிகாலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' புயல் கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. ஆள் வைத்து வளர்த்த மரங்கள் ஒரே இரவில் விறகாகிவிட்டன. கண்ணீரோடு வெட்டி அடுக்கிய வீடுகள் எத்தனையோ. 2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்' வந்தது. மழை கொட்டித் தீர்த்தது. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்போது அடுக்கி வைத்திருந்த விறகும் நனைந்து, உலை வைக்க வழியில்லாமல் போன வீடுகளும் உண்டு.

புயலுக்குப் பிறகுதான் மரம் அறுக்கும் மெஷினுக்குக் கிராக்கி. ஒரு நாள் கோடாலி வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கும். ஆபத்தும் அதே வேகத்தில் வரும். மெஷின் பட்டையின் நுனி கட்டையில் பட்டால் சட்டென்று முகத்தை நோக்கி எகிறும். இரண்டு கையாலும் இறுகப் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. லுங்கியும் ரப்பர் செருப்பும் இந்த வேலைக்கு உடுப்பல்ல. ஷூ, கண்ணாடி, தடித்த பேன்ட் வேண்டும்.

சாய்ந்த மரம் செத்த பாம்பு மாதிரி கிடக்கும். ஆனால் உள்ளே இழுவிசை இருக்கும். நடுவில் அறுத்ததும் வேர்ப்பகுதி மண்ணோடு நிமிர்ந்து நிற்பதும், வளைந்த கிளை சாட்டை மாதிரி அடிப்பதும் நடக்கும். வேர்க்குழியில் குழந்தைகளை நிற்கவே விடக் கூடாது. கம்பி மேல் விழுந்த மரமாக இருந்தால், மின்துறை ஆட்கள் வந்து சொல்லும் வரை கிட்டே போகக் கூடாது.

காயவைப்பது பாதி வேலை

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால், சோறு வேகும் முன் விறகில் இருக்கும் தண்ணீர் கொதிக்க வேண்டும். கண்ணைக் கரிக்கும் புகை அதனால்தான். ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்தால்தான் அது விறகு.

பிளந்து காயவைத்தால் சீக்கிரம் காயும். தரையில் படாமல் இரண்டு கல் அல்லது தென்னங்கட்டை போட்டு, காற்று புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். மேலே மட்டும் மூடினால் போதும். நாலு பக்கமும் தார்பாய் போர்த்தினால் பூசணம் பிடிக்கும். கோடையில் அடுக்கியது ஐப்பசி மழைக்கு முன் தயாராக இருக்கும். இரண்டு கட்டையைத் தட்டிப் பார்த்தால் 'ணங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்றால் இன்னும் ஈரம்.

ஒரு சிலிண்டர் எத்தனை தலைக்கட்டு?

இப்போது விலைக்கு வரலாம். விறகு அடுப்பில், அதுவும் மூன்று கல் அடுப்பில், எரியும் சூட்டில் பத்தில் ஒன்று, ஒன்றரை பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி காற்றோடு போகிறது. கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். இந்தக் கணக்கில், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலுக்கு ஏறக்குறைய 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும்.

ஒரு தலைக்கட்டு 20, 25 கிலோ என்று வைத்தால், எட்டிலிருந்து பத்து நடை. நடந்து, பொறுக்கி, வெட்டி, கட்டி, சுமந்து வர ஒரு நடைக்கு அரை நாள். ஆக, நான்கைந்து நாள் உழைப்பு. 2025-26-ல் 100 நாள் வேலையில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியை வைத்துப் பார்த்தால் ஓசி விறகின் விலை 1,300 ரூபாயைத் தாண்டுகிறது. 2025-ல் சிலிண்டர் விலை 900 ரூபாய்க்கு உள்ளே இருந்தது.

பிறகு ஏன் விறகு? அந்தப் பெண்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. எல்லா நாளும் வேலை கிடைப்பதில்லை. கிடைக்காத நாளின் உழைப்பை வாங்க ஆளில்லை. சிலிண்டருக்கு மொத்தப் பணம் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். விறகைத் தினம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். கையில் காசில்லாத வீட்டில் உடம்புதான் சேமிப்பு. அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறார்கள்.

புகைக்கும் தனி விலை உண்டு. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அடுப்படியில் இருக்கும் பெண்ணும் இடுப்பில் இருக்கும் குழந்தையும்தான் அதை அதிகம் சுவாசிக்கிறார்கள்.

விறகுக்குப் போகும்முன்...

* தனியாகப் போக வேண்டாம். போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.
* வேலிகாத்தான் முள் செருப்பைத் துளைக்கும். கனமான ஷூவும், கைக்குச் சாக்குத் துணியாவது வேண்டும். முள் உள்ளே ஒடிந்தால் சீழ் பிடிக்கும். டாக்டரிடம் காட்டி, டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள்.
* விறகுக் குவியலில் கை விடும் முன் கோலால் தட்டுங்கள். தேளும் விரியனும் அங்கேதான் குடியிருக்கும்.
* பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்கவோ கீறவோ வேண்டாம். நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ உடனே கொண்டுபோங்கள்.
* இரண்டு பேர் சேர்ந்து கட்டைத் தலையில் ஏற்றுங்கள். பெரிய கட்டு ஒன்றைவிடச் சின்னக் கட்டு இரண்டு மேல். முடிந்தால் சைக்கிளில் வைத்துத் தள்ளி வாருங்கள்.
* அடுப்பைச் சுவரோரம் அடைசலாக வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். புகைபோக்கி இருந்தால் வாரம் ஒரு முறை கரி தட்டுங்கள்.
* கேஸ் இருக்கும் வீட்டில் குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் இருந்தால் தினச் சமையல் கேஸிலேயே நடக்கட்டும். விறகு வெளி அடுப்பில் வெந்நீருக்கு இருக்கட்டும்.

வில்லியனூரின் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தச் சூளைக்கும் விறகு வேண்டும். ஆடிக் கூழுக்கும் பொங்கல் பானைக்கும் விறகு வேண்டும். விறகு அடுப்பு நாளைக்கே காணாமல் போகப் போவதில்லை. அடுத்த முறை வீட்டில் யாராவது ஒரு கட்டை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தால், ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, அரிவாளைப் பட்டறைக்கு எடுத்துப் போகும் வேலையை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ளலாம். அடுத்த நடைக்குப் போகும்போது கூட ஒருவர் போகலாம்.