மூன்றாவது பிக்கப்: வெட்டுறதுக்கு முதல் வாசியுங்கோ

போன எபிசோட்டில் கிட்டார் பற்றி ஓடி ஓடிக் கதைச்சம். விட்டுப்போன பகுதி இது: ஒரு பழைய டெலிகாஸ்டருக்கு மூன்றாவது பிக்கப் வைத்த கதை.

முதலில் கொஞ்சம் ஊர்ப் பெருமை. பாசலில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர் அடோல்ஃப் ரிக்கன்பாக்கர். லொஸ் ஏஞ்சலிஸில் உலோகப் பட்டறை வைத்திருந்த இவரும், ஜோர்ஜ் பீச்சம் என்ற இசைக்காரரும் சேர்ந்து 1932இல் விற்பனைக்கு விட்ட 'ஃப்ரையிங் பான்' கிட்டாரில்தான் இந்தக் காந்தப் பிக்கப் கதை பெரிதாகத் தொடங்குது. அதில் இருந்தது ஒரே ஒரு பிக்கப். ஜோன் லெனனின் ரிக்கன்பாக்கர் 325இல் மூன்று. ஆக, கூட ஒன்று வைக்கிற ஆசை எங்களுக்கு மட்டும் வந்த வருத்தமில்லை.

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிர் தடிப்பில் ஏழெட்டாயிரம் சுற்றுச் செம்புக் கம்பியும்தான். உருக்குத் தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். பிரிட்ஜ் பக்கம் வைத்தால் கூர்மையான சத்தம், கழுத்துப் பக்கம் வைத்தால் உருண்ட சத்தம். டெலிகாஸ்டரில் இந்த இரண்டும் இருக்கு. நடுவில் ஒன்றும் இல்லை.

என்னிடம் இருப்பது மாமாவின் கிட்டார். 80களில் அகதியாக வந்து, ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவின காசில் வாங்கினது. வெட்டலாமா என்று கேட்டேன். "வாசிக்கத்தானே வாங்கினது, வெட்டு. ஆனா அதின்ர சத்தத்தைத் துலைச்சுப்போடாதை" என்றார். (50களின் கிட்டார் என்றால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். புதுக் குழி தோண்டினால் அதன் விலை சரிந்துவிடும், வெட்டின மரமும் திரும்பி வராது.)

சிக்கலே அந்தச் சத்தத்தில்தான். வழக்கமாக எல்லாரும் ஸ்ட்ராடோகாஸ்டரின் 5 நிலை சுவிட்ச்சை மாட்டுவார்கள். அதை மாட்டினால் கழுத்தும் பிரிட்ஜும் சேர்ந்து ஒலிக்கிற நிலை காணாமல் போகும். டெலிகாஸ்டரின் உயிரே அதுதான் என்பது என் கட்சி. அதனால் பழைய 3 நிலை சுவிட்ச்சில் கை வைக்கவில்லை. டோன் குமிழை மட்டும் இழுத்து அழுத்தும் வகைக்கு மாற்றினேன். அழுத்தியிருந்தால் பழைய கிட்டார். இழுத்தால் நடுப் பிக்கப்பும் சேரும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்று. நடுப் பிக்கப்பின் காந்தத் துருவம், கம்பி சுற்றின திசை இரண்டுமே மற்றவைக்கு எதிராக இருக்கவேண்டும். அப்போதுதான் சோடி சேரும்போது கரண்ட் இரைச்சல் ஒன்றையொன்று வெட்டும். ஒன்று மட்டும் எதிர் என்றால் சத்தம் சளிபிடித்த மாதிரி மெலிந்துவிடும். பழைய பிக்கப்பின் துருவத்தைச் சின்னத் திசைகாட்டி ஒன்றைக் கிட்டப் பிடித்தே அறியலாம். எங்கட 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கிட்டத்தட்ட ஜி சுரத்தில் நிற்கும் என்பதும் உபரித் தகவல். ஜி-யில் பாட்டு வாசிக்கிறவர்களுக்குக் கவலை குறைவு!

பிக்கார்டைக் கழற்றிப் பாருங்கோ, சிலவற்றில் குழி ஏற்கெனவே இருக்கும். எனக்கு இல்லை. கிட்டார் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்து, பிக்கார்டுக்கு அடியில் மறைகிற அளவுக்கு மட்டும் குடைவித்தேன். சோல்டரிங் வேலை முழுக்க என் கையால்.

பிக்கப்பைத் தந்திக்கு மிகக் கிட்ட உயர்த்தாதையுங்கோ. காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்துச் சுருதியைக் கலைக்கும், வாசிக்கும்போது பிக்கும் இடிபடும்.

மாமாவிடம் கொடுத்தபோது அவர் முதலில் செய்தது குமிழ் உள்ளே அழுந்தியிருக்கா என்று பார்த்ததுதான். பழைய நிலையில் ஒரு பாட்டு முழுக்க வாசித்தார். பிறகுதான் இழுத்தார். பழைய பிக்கார்டும் குமிழும் திருகுகளும் ஒரு பையில், கிட்டார்ப் பெட்டிக்குள் இருக்கு.