பனையோலை விசிறி

பனையோலை விசிறி என்பது பனை ஓலையைக் கொண்டு கையால் செய்யப்படும் விசிறியாகும். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரங்களின் செம்மணல் தேரிகளில் பனை மிகுதி. முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊரான மணப்பாடு ஓலைப் பெட்டிகளுக்கும் கூடைகளுக்கும் பெயர் பெற்றது. பனைக்கு 1753 இல் லின்னேயசு இட்ட 'பொராசசு பிளாபெல்லிபர்' என்ற அறிவியற் பெயரின் பின்பகுதிக்கு 'விசிறி தாங்கியது' என்பதே பொருள்.

செய்முறை

பனையோலை இயல்பிலேயே விரித்த விசிறி போன்றது. வடலியின் (இளம்பனை) சிறிய ஓலையை மட்டையோடு வெட்டி, மட்டையின் இருபுறமும் உள்ள கருக்கைச் சீவி, பாரம் வைத்துத் தட்டையாக்கிக் காயவைப்பர். பிறகு ஓரத்தை வட்டமாக நறுக்கி, கிழியாதிருக்க ஓலை நறுக்கோ துணியோ வைத்துத் தைப்பர். மட்டையே கைப்பிடி.

மற்றொரு வகை முடைந்த விசிறி. ஈர்க்கு நீக்கிய ஓலையை ஒரே அகலத்தில் கிழித்து, பாய்போல் முடைந்து குச்சியில் பொருத்துவர். காய்ந்த ஓலை ஒடியும் என்பதால் முடையுமுன் ஈரப்படுத்துவது வழக்கம்.

பாலினீசியத் தீவுகளில் தென்னங்கீற்றும் தாழை இன ஓலையும் மிகுதியாகப் பயன்படுகின்றன. இவ்வோலைகள் நீண்டு ஒடுங்கியவை. முடையாமல் விசிறி ஆகா. அவாயித் தீவுகளின் லவுலு பனை நம் பனைபோல் விசிறி வடிவ ஓலை உடையது. அங்கு அதிலும் விசிறி செய்தனர்.

ஓலையும் மரமும்

முடைவதற்கு ஏற்றது குருத்தோலை. வெளிர் நிறமும் மென்மையும் உடையது, சாயம் நன்றாகப் பிடிக்கும். முற்றிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் போகும். ஆனால் பனைக்குக் கிளை இல்லை, வளர்நுனி ஒன்றே. எல்லா ஓலையும் அங்கிருந்துதான் குருத்தாக வெளிவர வேண்டும். குருத்தை அளவின்றி வெட்டினால் மரம் நலியும். நுனி சிதைந்தால் மரமே பட்டுப்போகும். நல்ல விசிறிக்கு வேண்டிய ஓலையே மரத்திற்கும் இன்றியமையாதது என்பதுதான் இத்தொழிலின் சிக்கல்.

இன்றைய நிலை

செங்கல் சூளைகளுக்காகப் பல பனைகள் வெட்டப்பட்டன. பனையேறிகளும் குறைந்துவிட்டனர். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என 2021 இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மின்விசிறி வந்தபின் வீடுகளில் ஓலை விசிறி அருகிவிட்டது. கரி அடுப்பில் சோளக்கதிர் சுடுவோர் இன்றும் அதை விடவில்லை. கங்கை மூட்ட அதைவிட மலிவான கருவி இல்லை.