ஒளி வாங்கும் கண் - 9: எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவே

கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக்கில் வெயிலும் மூட்டமும் மாறி மாறி வரும் காலையில் கேமரா சக்கரத்துக்கு ஓய்வே கிடையாது. ஒரு சொடுக்கு: எஃப்/8 போய் எஃப்/9. இன்னொன்று: எஃப்/10. மூன்றாவதில் எஃப்/11. போன வாரம் பார்த்த முழு ‘ஸ்டாப்’ அங்கே முடிகிறது. உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. அதை ஏன் மூன்றாக வெட்ட வேண்டும்? இரண்டாக வெட்டினால் ஆகாதா?

ஆகும். பல கேமராக்களில் மெனுவுக்குள் போய் அரை ஸ்டாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் பெரும்பாலும் இருப்பது மூன்றில் ஒன்றுதான். இது ஃபிலிம் விட்டுப்போன வழக்கம். 1934-இல் ஜெர்மனியில் வந்த ‘டின்’ அளவு, ஃபிலிமின் வேகத்தை மடக்கைக் கணக்கில் சொன்னது. ஒரு டிகிரி ஏறினால் வேகம் 1.259 மடங்கு, மூன்று டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரண்டின் கனமூலம் 1.260. பத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கும் இரண்டை அடிப்படையாகக் கொண்ட கணக்கும் இவ்வளவு நெருங்கியது வெறும் அதிர்ஷ்டம். பழைய ஃபிலிம் டப்பாவின் 100/21°, 200/24° இதுதான். இன்றைய ஐ.எஸ்.ஓ. 100, 125, 160, 200 என்று ஏறுவதும் இதுவே.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தண்ணீர்பட்ட பாடு. 1904 முதல் அங்கே சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். படம் பதிந்த தகட்டின் கருமையை அளப்பதும் மடக்கையில்தான்: கருமை 0.3 கூடினால், தகட்டை ஊடுருவும் ஒளி பாதி. அப்படியானால் 0.1 என்பது நம்முடைய ஒரு சொடுக்கு. இப்போது அந்தத் தகடுகளை டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். கருமையிலிருந்து சூரிய ஒளியின் அளவைத் திரும்பக் கணக்கிட, அளவு தெரிந்த படிகளாகக் கருக்கும் ஒரு பட்டை பிற்காலத் தகடுகளில் துணைக்கு இருக்கிறது.

கணக்கு சரி, லென்ஸுக்குள் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள் அதற்குக் கட்டுப்படுமா? 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2.8-லிருந்து எஃப்/3.2-க்குப் போக, துவாரத்தின் விட்டம் சுமார் 1.9 மி.மீ. குறைய வேண்டும். எஃப்/16-லிருந்து எஃப்/18-க்கோ வெறும் 0.34 மி.மீ. அதே ஒரு சொடுக்குதான், ஆனால் இங்கே மயிரிழை பிசகினாலும் வெளிச்சம் மாறிவிடும். நிக்கானின் பழைய எஃப் மவுன்ட்டில் கேமராவிலிருக்கும் ஒரு நெம்புகோல்தான் லென்ஸின் இதழ்களை இயக்கும். அது நகரும் தூரமும் ஸ்டாப்பும் ஒரே சீராக இருக்கும்படி பிற்பாடு ‘ஏஐ-எஸ்’ லென்ஸ்களில் திருத்தினார்கள். கேனன் 1987-இல் இ.ஓ.எஸ். வரிசையைத் தொடங்கியபோது நெம்புகோலையே தூக்கி எறிந்துவிட்டு, லென்ஸுக்குள் ஒரு குட்டி மோட்டாரை வைத்தது. என் ஓட்டு அதற்குத்தான்.

மோட்டாரானாலும் ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் அதே இடத்தில் நிற்பதில்லை. ஒற்றைப் படத்தில் இது யார் கண்ணுக்கும் படாது. தூண் பாறைக்கு மேலே மேகம் ஏறுவதை நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்து டைம்லேப்ஸாக ஓட்டிப் பாருங்கள், பளிச் பளிச்சென்று துடிக்கும். எஸ்.எல்.ஆர். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் இதழ்களைத் திறந்து மூடுவதுதான் காரணம். லென்ஸை முழுத் துவாரத்தில் வைத்தால் இதழ்களுக்கு வேலையே இல்லை, துடிப்பும் இல்லை. வெளிச்சம் அதிகமென்றால் அதைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போடுங்கள். இல்லையேல், அப்பர்ச்சரைக் கையால் திருப்பும் பழைய லென்ஸ் ஒன்றை அடாப்டரோடு மாட்டி, வளையத்தை எஃப்/8-இல் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

(தொடரும்)