கியர் சைக்கிளைப் பிரித்து மாட்ட ஆள் உண்டா?

பாளையங்கோட்டைக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே மிதிக்கிறவருக்குக் கியர் அவசியமில்லை. பாபநாசம் தாண்டிக் காரையாறு ஏறாதவரை தாமிரபரணிக் கரை பெரும்பாலும் சமதளம்தான். ஆடிக்காற்று எதிரே அடித்தால் மட்டும் ஒரு கியர் குறைக்கத் தோன்றும். அரசின் விலையில்லா மிதிவண்டியும் கியர் இல்லாமல்தான் ஓடுகிறது. ஆனாலும் பிள்ளைகள் கேட்பது கியர் சைக்கிளைத்தான். வாங்கலாம், ஆனால் எந்த வகை, பழுதானால் யார் பார்ப்பார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைகளில் அதிகம் நிற்பது டெரெய்லர் வகை. பின்சக்கரத்தருகே தொங்கும் சிறு கை, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும். இன்னொன்று ஹப் கியர். பல்லெல்லாம் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் 1900-களின் தொடக்கத்திலேயே மூன்று கியர் ஹப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று ஷிமானோவின் நெக்ஸஸும் உண்டு.

உழைப்பில் ஹப் கியருக்கே என் ஓட்டு. வயல் வரப்புச் சேறும் மழையும் எளிதில் உள்ளே போகாது, செயினும் நேராக ஓடுவதால் மெதுவாகத் தேயும். ஆனால் கெட்டுவிட்டால் கதை வேறு. தெருமுனைக் கடையில் பஞ்சர் ஒட்டுவார், கோட்டம் எடுப்பார், ஓவராயில் செய்வார். ஹப்புக்குள் இருக்கும் சிறு பற்களைப் பிரித்து அடுக்கத் தெரிந்தவர் அரிது, உதிரிபாகம் அதைவிட அரிது. டெரெய்லர் அடிக்கடி தொல்லை தரும். ஆனால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. அதனால்தான் நெல்லைக்கு டெரெய்லர் என்பேன்.

டெரெய்லரில் கவனிக்க வேண்டியது ஹேங்கர். டெரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு அது. வண்டி வலப்புறம் விழுந்தால் வளையும். அதை அறியாமல் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டெரெய்லர் போக்ஸ் கம்பிக்குள் சிக்கிச் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். மாடலுக்கு மாடல் அதன் வடிவம் மாறும் என்பதால், வாங்கும்போதே கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள். செயின் தேய்மானத்தை இரும்பு ஸ்கேலால் வீட்டிலேயே அளக்கலாம். பின்னுக்குப் பின் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் ஃப்ரீவீலும் போயிருக்கும்.

ஹப் கியர் நழுவினால் பல சமயம் கோளாறு கேபிளில்தான். ஸ்டர்மியின் பழைய மூன்று கியர் ஹப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பிடிப்பே இல்லாத இடம் ஒன்று உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அங்கே சிக்கினால் ஆள் முன்னால் விழுவார்.

2023 டிசம்பர் 17, 18-இல் ஜங்ஷனும் வண்ணாரப்பேட்டையும் மூழ்கியதை நெல்லை மறக்காது. அப்படி நனைந்த டெரெய்லரைக் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடும். ஹப் கியரிலோ வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே புகுந்த தண்ணீர் கிரீஸைக் கெடுத்து மெல்லத் துருப்பிடிக்க வைக்கும். தாமதிக்காமல் பிரித்துச் சுத்தம் செய்வதே வழி.

சரி, புது வண்டியிலேயே குறை என்றால்? 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்தால் உரிமை போய்விடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஆன்லைனில் எங்கிருந்தோ வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம், இழப்பீடு எதையும் கேட்கலாம். மத்திய அரசின் பழுது பார்க்கும் உரிமைத் தளம் விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் என்று பிரித்துத் தொடங்கியது. சைக்கிளுக்குத் தனிப் பிரிவு வைக்கத் தோன்றவில்லை போலும்.

புகார் தரும் எண்ணமிருந்தால் ஹப்பைப் பிரிக்க விடாதீர்கள். தேவையானால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். முன்பே பிரித்துவிட்டால் 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடும்.