நீலப் புள்ளி எங்கிருந்து வருது?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார். உத்திர வீதியில் இருக்கும் தாத்தா வீட்டை விற்கப் போறாங்க. அதுக்குள்ள அந்த வீட்டுப் படங்களை சயனோடைப்பில் அச்சிட்டு உறவினர் எல்லாருக்கும் கொடுக்கணும். ஆனா ஒவ்வொரு தாளிலும் சின்னச் சின்ன நீலப் புள்ளிகள். பேப்பர் மாத்தியாச்சு, கெமிக்கல் மாத்தியாச்சு, போகலை.

என் கேள்வி ஒண்ணுதான்: பிரஷ்ஷை மாத்தினீங்களா?

கையால் அச்சிடுவது நம்ம ஊருக்குப் புதுசில்லை. மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரரா இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-லேயே மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தார். சயனோடைப் அதைவிடப் பழசு. 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது.

இதில் இரண்டு உப்புகள்: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு. வெயில் பட்டால் முதல் உப்பில் உள்ள இரும்பு ஃபெரஸ் நிலைக்கு மாறும். அது ஃபெரிசயனைடோடு சேர்ந்தால் நீலம். சாதா பெயின்ட் பிரஷ்ஷில் முடியைப் பிடிச்சிருக்கும் தகர வளையம் இருக்கு இல்லையா? கரைசல் அதில் பட்டு இரும்பு கரைஞ்சா, வெயிலே இல்லாம அதே நீலம் வந்துடும்.

சந்தேகத்தைத் தீர்க்க, நாம கோடில் பண்றதேதான்: ஒரே நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதே தாளில் இரண்டு துண்டு. ஒண்ணுல பழைய பிரஷ், இன்னொண்ணுல மரப்பிடி போட்ட ஃபோம் பிரஷ். இரண்டையும் இருட்டில் காயவைங்க. முதல் துண்டில் மட்டும் புள்ளி வந்தா, குற்றவாளி பிரஷ்தான்.

வாங்கும்போது உலோகமே இல்லாததா பாருங்க. ஜப்பானிய ஹாக்கே பிரஷ்ஷில் ஆட்டு முடியை மரப்பிடியிலேயே நூலால் தைச்சிருப்பாங்க. முடி உதிரும், முதல் நாளே அலசி, விரலால் கோதிவிடுங்க. பூசறதுக்கு முன்னாடி டிஸ்டில்டு வாட்டரில் நனைச்சுப் பிழிஞ்சுட்டா, கரைசலை அதிகம் குடிக்காது.

வேலை முடிஞ்ச உடனே, மஞ்சள் நிறம் போகும்வரை வெறும் தண்ணியில் அலசுங்க. சோப்பு போட்டா ஒரு துளிகூட மிச்சம் வைக்காதீங்க. காரம் இந்த நீலத்தை வெளுக்க வைக்கும். முடி கீழே பார்க்கிற மாதிரி தொங்கவிட்டுக் காயவைங்க. நிமிர்த்தி வைச்சா தண்ணி அடிப்பகுதியில் தேங்கும். வெள்ளி நைட்ரேட் பூசும் சால்ட் பிரின்ட்டுக்குத் தனி பிரஷ்.

கடைசியா, முக்கியமா ஒண்ணு. பாத்ரூம் கழுவ ஆசிட் ஊத்தின இடத்தில் இந்த பிரஷ்ஷை அலசவே கூடாது. ஃபெரிசயனைடும் வீரியமான அமிலமும் சேர்ந்தா விஷவாயு வரலாம்.

வீடு கைமாறும் முன்னாடி அந்தப் படங்கள் சுத்தமா வரட்டும். அடுத்த எபிசோடில் பேப்பர் பற்றிப் பேசலாம்.