மலை ஏறும் பழைய ஜீப்!

பொழுது இன்னும் விடியவில்லை. போடிநாயக்கனூரில் பனிக்காற்று வீசுகிறது. தெரு முனையில் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். கையில் தூக்குவாளி. தலையில் முக்காடு. ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிறவர்கள் அவர்கள்.

"கட... கட..." என்ற சத்தத்தோடு ஒரு ஜீப் வந்து நிற்கிறது. பெண்கள் ஏறி, நெருக்கி உட்காருகிறார்கள். சாரல் அடிக்கிறது என்று ஓட்டுநர் பக்கத்துப் படுதாக்களை இறக்கிக் கட்டுகிறார். ஜீப் புறப்படுகிறது.

முந்தல் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். போடிமெட்டு போய்ச் சேருவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள்! உயரம் ஏறக்குறைய 4,500 அடி. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன.

இந்த மலையை நம்பி ஊரில் பல தொழில்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று, ஜீப் பட்டறை. பழைய ஜீப்பின் தகட்டை வெட்டி ஒட்டுவதும், சைலன்சர் கட்டி மாட்டுவதும் பார்ப்பதற்குச் சின்ன வேலைகள்தான். ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருடைய உயிரும் அந்த வேலையில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

யுத்தம் தந்த வண்டி

போடிக்கு 1928-ம் ஆண்டில் ரயில் வந்தது. அகலப் பாதை போடுவதற்காக 2010-ம் ஆண்டின் கடைசியில் அது நிறுத்தப்பட்டது. 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஆனால் ரயில் போடியோடு நின்றுவிடும். மலைக்கு மேலே, தோட்டத்து மண் பாதைகளுக்குள் போக வேண்டுமானால் ஜீப்தான் கைகொடுக்கும்.

ஜீப் பிறந்தது யுத்த காலத்தில். சேறு, மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் ஓடக்கூடிய சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று 1940-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் கேட்டது. 1945-ம் ஆண்டில் யுத்தம் முடிவதற்குள் வில்லிஸ் கம்பெனியும் போர்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளிவிட்டன!

நம் நாட்டில் மகேந்திரா கம்பெனி 1940-களின் பிற்பகுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு இங்கேயே தயாரித்தது. நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் சக்தி போகும் வண்டி என்பதால் மலைக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

ஜீப்புக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் எலும்பு வேறு, தோல் வேறு. அடியில் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் இருக்கின்றன. இதற்கு 'சேஸ்' என்று பெயர். பாடி அதன்மேல் போல்ட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றினால் பாடியைத் தனியாகத் தூக்கிவிடலாம். பழைய ஜீப்புக்கு மறுபிறவி கொடுக்க முடிவது இதனால்தான்.

தகட்டைத் தின்னும் துரு

மலையில் மழையும் பனியும் அதிகம். சக்கரம் வாரி அடிக்கும் சேறு சேஸின் இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்கிறது. வெளியில் காய்ந்தது போலத் தெரியும். உள்ளே ஈரம் இருக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். வெளியே பெயிண்டு பளபளக்கும்போதே உள்ளே தகடு அப்பளம் போல ஆகிவிடும்.

பட்டறைக்கு வரும் ஓட்டுநர், "அண்ணே, ரெண்டு நாளையிலே வண்டி வேணும். பட்டி போட்டு மூடிருங்க" என்பார்.

நல்ல டிங்கர் இதற்குச் சம்மதிக்கமாட்டார். "தம்பி, பட்டி ஆளைத் தாங்காது. தகடுதான் தாங்கும்" என்பார்.

அவர் முதலில் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். நல்ல தகடு "ணங்" என்று ஒலிக்கும். அரித்துப்போன தகடு "பொத்" என்று ஒலிக்கும். துருப்பிடித்த இடம் முழுவதையும் வெட்டி எடுக்கிறார். வெள்ளை இரும்பு கண்ணுக்குத் தெரிகிறவரை வெட்ட வேண்டும். மிச்சம் வைத்தால் புதுத் தகட்டின் ஓரத்திலிருந்து துரு மறுபடியும் கிளம்பும்.

பிறகு புதுத் தகட்டை அளவாக வெட்டிப் பொருத்துகிறார். இதற்கு 16 கேஜ், 18 கேஜ் தகடுகள் உதவும். ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் வைத்தால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். ஆகையால் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்ப வேண்டும்.

நெளிந்த தகட்டை நிமிர்த்துவது தனிக் கலை. உட்புறம் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளிப்புறம் சுத்தியலால் மெதுவாகத் தட்டுகிறார்கள். அடிபட்ட தகடு இழுபட்டு வீங்கியிருக்கும். அதை எப்படிச் சுருக்குவது? வீங்கிய இடத்தில் ஒரு காசு அளவுக்குக் கேஸ் நெருப்பால் சிவக்கக் காய்ச்சுவார்கள். ஒரு தட்டுத் தட்டி, உடனே ஈரத் துணியை வைப்பார்கள். 'சொய்ங்' என்ற சத்தத்துடன் தகடு சுருங்கிவிடும்!

பட்டியை அடியோடு ஒதுக்க வேண்டும் என்பதல்ல. சுத்தியல் பட்ட சின்னப் பள்ளங்களைச் சமப்படுத்த அதை மெல்லியதாகப் பூசலாம். ஓட்டையை மூடத்தான் கூடாது.

காந்தம் சொல்லும் உண்மை

பழைய ஜீப் வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பாடியின் மேல் வைத்துப் பாருங்கள். இரும்பு இருந்தால் காந்தம் ஒட்டும். பட்டியைத் தடிமனாகப் பூசிய இடத்தில் நழுவி விழும். காந்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது!

சீட்டுக்கு அடியில் ஆபத்து

வில்லிஸ் ஜீப்பில் பெட்ரோல் டாங்கி எங்கே இருக்கிறது தெரியுமா? ஓட்டுநர் உட்காரும் சீட்டுக்கு அடியில்! தரைத் தகடு ஒட்டுவதற்கு முன் டாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட வேண்டும்.

"டாங்கி காலிதானே, பயம் என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. அதுதான் தவறு. காலி டாங்கிக்குள் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து நிற்கும். ஒரு பொறி பட்டால் வெடித்துவிடும். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே பயங்கரமானது.

சைலன்சருக்குள் தண்ணீர்

இனி சைலன்சருக்கு வருவோம்.

என்ஜினுக்குள் ஒவ்வொரு முறையும் எரிபொருள் வெடித்து எரிகிறது. அந்தப் புகை அப்படியே வெளியே வந்தால் துப்பாக்கி சுடுவது போலச் சத்தம் கேட்கும். சைலன்சர் என்பது ஓர் இரும்பு டப்பா. உள்ளே துளைகள் போட்ட குழாயும் தடுப்புத் தகடுகளும் இருக்கின்றன. புகை விரிந்து, தடுப்புகளில் மோதி, சுற்றி வருவதற்குள் அதன் வேகமும் சத்தமும் அடங்கிவிடுகின்றன.

சைலன்சர் வெளியிலிருந்து மட்டும் துருப்பிடிப்பதில்லை. உள்ளிருந்தும் அரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது! வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால் ஆவி வெளியே போய்விடும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டால், குளிர்ந்த டப்பாவுக்குள் அது தண்ணீராகத் தங்கி இரும்பைத் தின்றுவிடும்.

பழைய வண்டிகளுக்குப் பொருத்தமான சைலன்சர் கடையில் எப்போதும் கிடைப்பதில்லை. என்ஜினையே மாற்றிப் பெட்ரோல் வண்டியை டீசல் வண்டி ஆக்கியிருந்தால் பழைய குழாய் பொருந்தவும் பொருந்தாது. அப்போது பட்டறையில்தான் கட்ட வேண்டும்.

குழாயை வளைப்பது எப்படி? வெறும் குழாயை வளைத்தால் வளைவில் நசுங்கிவிடும். அங்கே புகை அடைத்துக்கொண்டு என்ஜின் திணறும். மலையில் ஏற ஏறக் காற்று மெலிந்து, ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி ஏற்கெனவே குறைகிறது. குழாயும் அடைத்தால் வளைவில் வண்டி மூச்சுவிட முடியாமல் நின்றுவிடும்.

ஆகையால் குழாய்க்குள் மணலை இடித்து நிரப்பி, இரு முனைகளையும் மரக் கட்டையால் அடைப்பார்கள். பிறகு நெருப்பில் சிவக்கக் காய்ச்சி மெதுவாக வளைப்பார்கள். உள்ளே மணல் இருப்பதால் குழாய் நசுங்காது. அந்த மணலை முன்னதாக நன்றாக வறுத்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நீராவி உண்டாகி, அடைப்புக் கட்டை குண்டு போலப் பாய்ந்துவிடும்.

குழாயைச் சேஸோடு இறுக்கமாகக் கட்டக் கூடாது. என்ஜின் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். இறுக்கிக் கட்டினால் குழாய் வெடித்துவிடும். பழைய டயரிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையில் தொங்கவிட்டால் அது அதிர்வைத் தாங்கிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பிராணவாயு போக வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். அதிகமானால் உயிர் போய்விடும். டீசல் புகையில் இது குறைவு. பெட்ரோல் புகையில் அதிகம்.

மலைப் பாதையில்தான் இதன் சூழ்ச்சி பெரிது. கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றுவதும் வாந்தி வருவதும் சகஜம் அல்லவா? ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டால், "வளைவு ஒத்துக்கலே, இந்தா எலுமிச்சம்பழம், மோந்து பாரு அக்கா" என்று கொடுப்பார்கள். உண்மைக் காரணம் காலுக்கு அடியில் ஓட்டை விழுந்த குழாயாக இருக்கலாம்!

இன்னொரு விஷயம். படுதாவை இறக்கிக் கட்டிப் பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்து வண்டி ஓடினால், பின்னால் காற்றின் அழுத்தம் குறைகிறது. வெளியே விட்ட புகை சுழன்று, திறந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் சியாட்டில் நகர டாக்டர்கள் 1992-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிக்கப் வண்டிகளின் பின்புறத்தில், கூண்டுக்கோ படுதாவுக்கோ அடியில் பயணம் செய்த 20 குழந்தைகள் இந்த விஷவாயுவால் பாதிக்கப்பட்ட கதை அது. பலர் நினைவு இழந்தார்கள். ஒரு குழந்தை இறந்துபோயிற்று. அந்த வண்டிகளில் புகைக் குழாய் ஓட்டையாக இருந்தது. அல்லது குழாயின் வாய் பக்கவாட்டில் இல்லாமல் பின்பக்கம் பார்த்து இருந்தது.

நம் நாட்டில் 1989-ம் ஆண்டு வகுத்த மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைக் கவனித்திருக்கின்றன. புகை கீழ்நோக்கியோ இடது பக்கமாகவோ போகக் கூடாது, பின்பக்கமோ வலது பக்கமோ போக வேண்டும் என்று விதித்தன. பெட்ரோல் வரும் குழாய்க்கும் புகைக் குழாய்க்கும் நடுவே குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளியும் வேண்டும் என்றன. படுதா போட்டு ஆட்களை ஏற்றும் ஜீப்புக்கு வலது பக்கமே நல்லது. குழாயின் வாய் பாடியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

தரைத் தகட்டில் ஓட்டை இருந்தால் சைலன்சரைச் சரி செய்தும் முழுப் பயன் இல்லை. டிங்கர் வேலையும் சைலன்சர் வேலையும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று புகையை வெளியே அனுப்புகிறது. மற்றொன்று அது உள்ளே வராமல் தடுக்கிறது.

அலங்காரம் வேண்டாம்

சில இளைஞர்கள் "டப டப" என்று சத்தம் வருவதற்காகச் சைலன்சரின் உள் தகடுகளைப் பிடுங்கிவிடுகிறார்கள். அது சட்ட விரோதம். பாடியை நீட்டி அதிக ஆட்களை ஏற்றுவதும் அப்படியே. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவில், வண்டியின் அமைப்பை இஷ்டம் போல மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. ஆட்கள் ஏறும் ஜீப்பை வெட்டிச் சரக்கு ஏற்றும் பிக்கப் ஆக்க நினைப்பவரும் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

வண்டியில் போகிறவர்களும் கொஞ்சம் விழிப்பாக இருக்கலாம். அடியில் "புஸ்... புஸ்..." என்று காற்று கசியும் சத்தம் கேட்கிறதா? பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? இறங்கியதும் தெளிந்துவிடுகிறதா? அப்படியானால் குற்றம் வளைவில் அல்ல, வண்டியில். உடனே வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கி நல்ல காற்றில் நிற்க வேண்டும். மயங்கியவரைத் தாமதம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாயங்காலம் ஜீப் மலையிலிருந்து இறங்குகிறது. தெரு முனையில் பெண்கள் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். விரல்களில் ஏலக்காய் வாசனை. வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பட்டறையில் வைத்த ஓர் ஒட்டுத் தகட்டை அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. ஆனால் அம்மாவைப் பத்திரமாக வீடு சேர்த்ததில் அந்தத் தகட்டுக்கும் பங்கு உண்டு.